பூஜ்ஜியம் மீட்டரில் தண்ணீர்

எல்லா அலுவலகங்களின் கணக்குகளையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறினால் பொய்யெல்லாம் நுரையாக மேலே வந்துவிடும், அதைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு அடியில் தெளிந்து நிற்கும் உண்மையை மொண்டு குடிக்கலாம் என்று நான் நம்பினேன். இருபத்தைந்து வயதுக்கு அது ஒன்றும் பெரிய முட்டாள்தனமில்லை. அந்த வயதில் என் கூட்டாளிகள் இதைவிட மோசமானவற்றை நம்பிக் கல்யாணமே செய்துகொண்டார்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகும் பழைய அலுவலகம் என்னை விடுவதாக இல்லை. போன மாதம் அங்கிருந்து ஓர் இளம் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், மழை, கிணறு, பாறை, மண்ணு, எல்லாத் தரவையும் ஒரே தளத்துல கொண்டு வர்றோம். இதை மொதல்ல செஞ்சு பாத்தவங்க உங்க ஆளுங்கதானாமே. விழா மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க. புதுசா வந்த பசங்களுக்கு ஊக்கமா இருக்கணும்" என்றார். ஊக்கம் வேண்டுமென்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். நடந்தது வேண்டுமென்றால் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் கண்ணமங்கலத்துக்காரன். அப்பா ரோட்டோரத்தில் சைக்கிள் டயரும் பம்புசெட் வாஷரும் விற்றார். கல்லூரியில் மற்ற பாடங்களில் எல்லாம் இடம் தீர்ந்துபோனதால் நிலவியல் படித்தேன். நிலத்தடி நீரை அளக்கும் அலுவலகத்தில் தொழில்நுட்ப உதவியாளன் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி. வேலூரில் நாற்காலி, ஜவ்வாது மலையில் வேலை. மலையை என் தலையில் கட்டியதற்குக் காரணம் என் திறமையல்ல. மற்றவர்களுக்கு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வரும், எனக்கு வராது. எனக்குப் பயம் வந்தால் பசிதான் வரும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பேருந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்சக்கரத்துக்குப் பள்ளத்தை ஒருமுறை காட்டிவிட்டுத்தான் திரும்பும். நான் வளைவுக்கு ஒரு பிடி வேர்க்கடலை தின்பேன். மேலே போய் இறங்கும்போது சட்டையெல்லாம் கடலைத் தோலாக இருக்கும். நடத்துநர் என்னைக் கண்டாலே துடைப்பத்தைத் தேடுவார்.

கிணற்றை எப்படி அளப்போம் என்பதைச் சொல்லியாக வேண்டும். இரும்பு டேப்பின் அடிப்பக்கத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸைத் தேய்ப்போம். முனையில் ஈயக் குண்டு கட்டி மெதுவாக உள்ளே விடுவோம். குண்டு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் இன்னும் கொஞ்சம் இறக்கி, ஒரு முழு மீட்டர்க் கோடு கிணற்றுச் சுற்றுச்சுவரின் விளிம்புக்கு நேராக வரும்படி பிடிக்க வேண்டும். பிறகு சுருட்டி மேலே எடுத்தால், சாக்பீஸ் எதுவரை நனைந்து கறுத்திருக்கிறது என்று தெரியும். நனைந்த நீளத்தைக் கழித்து, சுவரின் உயரத்தையும் கழித்தால், தரையிலிருந்து எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்ற எண் வரும். எண் பெரிதென்றால் தண்ணீர் தூரத்தில். எண் சிறிதென்றால் தண்ணீர் கைக்குப் பக்கத்தில். படிப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். எல்லாம் கவிழ்ந்தது இதில்தான்.

கிணறு வறண்டு கிடந்தால் என்ன எழுதுவது? விதி தெளிவாக இருந்தது: அளக்காததை எழுதாதே. எண்ணுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, படிவத்தின் ஓரத்தில் இருக்கும் குறிப்புக் கட்டத்தில் 'வறண்டது' என்று எழுத வேண்டும். தண்ணீரே இல்லாத கிணற்றில் இத்தனை மீட்டரில் தண்ணீர் என்று எப்படி எழுத முடியும்? யோக்கியமான விதி. இன்றைக்கும் அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கிணறுகளில் ஒன்று ஊஞ்சமரத்தூரில் இருந்தது. ஜமுனாமரத்தூர் சந்தையிலிருந்து காட்டு வழியாக நடந்து போகவேண்டிய சின்ன மலையூர். சாமைக் கொல்லை, புளிய மரங்கள், ஒரே ஒரு கிணறு. அந்தக் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளையன். நான் வர முடியாத மாதங்களில் அவரே அளந்து வைப்பார். அவர் மனைவி பச்சியம்மா. என்னை அந்த ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"டேப்பு சாரு வந்துட்டாரு. கெணத்துக்கு ஜொரம் பாக்கப் போறாரு" என்பாள் பச்சியம்மா.

"ஜொரம் இல்லம்மா. தண்ணி எவ்ளோ ஆழத்துல இருக்குதுன்னு பாக்கறோம்."

"அதுக்கு டேப்பு எதுக்கு? எட்டிப் பாத்தா பாற தெரியுது. பாறைக்கு இன்னா ஜொரம்?"

"நீ சும்மா இரு. சாரு எழுதிக்கினு போய் மேல காட்டுவாரு" என்பார் வெள்ளையன்.

"மேலன்னா எங்க? நாமதான் மேல கீறோம். இவரு கீழ எறங்கிப் போய்த்தான் காட்டணும்."

வெள்ளையன் சிரிக்காமல் டேப்பைப் பிடித்துக்கொள்வார். மாசி பிறந்தால் அந்தக் கிணறு காய்ந்துவிடும். அதற்குப் பிறகு ஆடி மழை பிடிக்கும் வரை ஊர்ப் பெண்கள் பாறைச் சரிவில் இறங்கி ஓடையில் தண்ணீர் தேங்கி நிற்கும் கசத்துக்குப் போய்க் குடத்தைச் சுமந்துகொண்டு ஏறவேண்டும். ஒருதரம் நான் வெறுங்கையோடு அந்தச் சரிவில் இறங்கிப் பார்த்தேன். இறங்கினது நான்தான், ஏறினதை ஏறினது என்று சொல்ல முடியாது, வெள்ளையன் என் இடுப்புத் துண்டைப் பிடித்து இழுத்தார். மேலே வந்ததும் பச்சியம்மா அரைச் சொம்பு தண்ணீர் கொடுத்தாள். மீதி அரைச் சொம்பு ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கதை நடந்த வருசம் அவள் கிண்டலை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னாள். "பக்கத்து ஊருக்கெல்லாம் கைப்பம்பு போடறாங்களாமே. இந்தக் கோடைக்கு எங்க ஊருக்கும் வரலன்னா நாங்க மலைய வுட்டே எறங்கிடுவோம், சாரு. என் மருமவ மாசமா கீறா. அவள இந்தச் சரிவுல எறக்க மாட்டேன். எங்க அண்ணன் வூட்டுப் பக்கம் கூலிக்குப் போனாலும் போவோம்."

வெள்ளையன் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கொல்லை அவருடைய தாத்தா காடு திருத்தியது. கீழே இறங்கினால் அவருக்கு ஒரு வெற்றிலைக் கொடி நடக்கூட நிலம் கிடையாது.

"வரும், பச்சியம்மா. எல்லாத்தையும் ஒண்ணா சேத்து ஒரு பெரிய வேல நடந்துகிட்டு இருக்கு. அது முடிஞ்சா மொத பம்பு உங்க ஊருக்குத்தான்" என்றேன். சொன்னது விளையாட்டுக்கு அல்ல. நம்பித்தான் சொன்னேன்.

அந்தப் பெரிய வேலையின் சூத்திரதாரி எங்கள் மேலதிகாரி சுந்தரேசன். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அவரிடம் ஒரே ஓர் ஆயுதம் இருந்தது. நாம் எதைப் போய்ச் சொன்னாலும் முழுசாகக் கேட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். இரண்டாம் தடவை சொல்லும்போது நம் ஜோடனைகள் பாதி உதிர்ந்துவிடும். முடித்ததும் மறுபடி, "இன்னொரு தடவை." மூன்றாம் தடவை வாயில் உண்மை மட்டும்தான் மிச்சமிருக்கும். ஒருமுறை பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி என்று விடுப்புக் கேட்கப் போனேன். இரண்டாம் தடவையில் நெஞ்சுவலி வயிற்றுவலியானது. மூன்றாம் தடவையில், "மேட்னி ஷோவுக்குப் போறேன் சார்" என்றேன். "போய்ட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவருடைய கனவு இதுதான். ஒரே மலையை ஆறு அலுவலகங்கள் அளந்துகொண்டிருந்தன. மழைக்காரர்கள் மழையை அளந்தார்கள், நாங்கள் கிணற்றை, மற்றவர்கள் பாறையை, மண்ணை, காட்டை, ஓடையை. ஆளுக்கு ஒரு வரைபடம், ஊருக்கு ஆறு எண். ஒருவர் பீரோவில் இருப்பது அடுத்தவருக்குத் தெரியாது. "ஒரே மலையை வெச்சிக்கிட்டு ஆறு மலை நடத்தறோம்" என்பார் சுந்தரேசன். எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆறு பேருக்கும் ஒரே காந்த நாடாவைக் கொடுத்துவிட வேண்டும்; யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதில் அதிசயப்பட மாட்டார்கள். அன்றைக்கு ஆறு அலுவலர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பதே தேர் இழுக்கிற வேலை.

அந்த மேசையில் அவர் மூன்று சட்டங்கள் கொண்டுவந்தார். ஒரு ஊருக்கு ஒரே எண். எல்லாருக்கும் ஒரே பிரதி. மூன்றாவதுக்குத்தான் பெரிய சண்டை: பொதுவில் வைத்த எண்ணை எவரும் தனியாகத் திருத்தக் கூடாது. தன் சொந்த எண்ணாக இருந்தாலும் சரி, ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு ஆறு பிரதியிலும் ஒரே நாளில் திருத்த வேண்டும்.

"எங்க டேட்டாவ நாங்க திருத்தறதுக்கு இவங்க கையெழுத்து எதுக்கு?" என்றார் ஓடைக்காரர்.

"நீங்க ராத்திரி உங்க பிரதியில மட்டும் மாத்திட்டா, காலைல ரெண்டு ஓடை ஓடும். எதுல நான் பாலம் கட்டறது?" என்றார் சுந்தரேசன்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்து மேசையைத் தட்டினேன். கூட்டத்தில் உதவியாளர்கள் மேசை தட்டக் கூடாது என்று பிறகு சொன்னார்கள்.

அப்புறம் அட்டைச் சண்டை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தீனி, துளை போட்ட அட்டை. ஒரு அட்டையில் எண்பது எழுத்துக்கு மேல் இடமில்லை. ஆறு பேரும் அந்த எண்பது கட்டத்துக்குப் பங்காளிகள் மாதிரி அடித்துக்கொண்டார்கள். காட்டுக்காரருக்குச் சரக எண் வேண்டும். மண்காரருக்கு மண்ணின் நிறம் வேண்டும். இடம் போதவில்லை. குறிப்புக் கட்டத்தை எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார்.

"குறிப்புல என்ன எழுதுவாங்க?" என்றார் சுந்தரேசன்.

"கிணத்து வீட்டு நாய் கடிக்க வந்தது, கேட் சாவி கிடைக்கலை, இந்த மாதிரிதான் சார்" என்றார் எங்கள் பிரிவுத் தலைமை எழுத்தர், என்னைப் பார்த்துக்கொண்டே. நாய்க் குறிப்பு என்னுடையது. மேசை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எல்லாருக்கும் முன்னால் சிரித்து எல்லாருக்கும் பின்னால் முடித்தவன் நான். குறிப்புக் கட்டம் போய்விட்டது. சுந்தரேசன் அன்றைக்கு மட்டும் 'இன்னொரு தடவை' கேட்கவில்லை. மணி ஆகிவிட்டது, போண்டா ஆறிக்கொண்டிருந்தது.

சென்னையில் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். அட்டைகளைத் துளை போடும் கூடத்திலிருந்து கம்ப்யூட்டர் கூடத்துக்குச் சுமந்து போகும் பொறுப்பு எனக்கு. வெளியே மழை பிடித்தால் பெட்டியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஓடுவேன். வாசல்காவலர் ஒருதரம், "இன்னா சார், எத்தனையாவது மாசம்?" என்று கேட்டார். படியில் ஒரு பெட்டியைக் கொட்டிவிட்டேன். அட்டையின் வரிசை கலைந்தால் ஜவ்வாது மலை பெங்களூருக்குப் போய்விடும் என்று நினைத்து, அங்கேயே உட்கார்ந்து அழலாமா, எதிர்க்கடையில் இட்லி தின்னலாமா என்று யோசித்து, இரண்டாவதைச் செய்துவிட்டு வந்தேன். அதற்குள் அங்கிருந்த பெண்மணி வரிசையை அடுக்கும் இயந்திரத்தில் போட்டு எல்லாவற்றையும் சரியாக்கி வைத்திருந்தார்.

தப்பான எண்களைப் பிடிக்க ஒரு சல்லடையும் எழுதியிருந்தார்கள். மலையின் மிக ஆழமான கிணற்றைவிட ஆழமாக ஓர் எண் வந்தால் கம்ப்யூட்டர் அதைத் துப்பிவிடும். தப்பு என்றால் அது பெரிதாகத்தான் இருக்கும் என்பது எங்கள் எல்லாருடைய நினைப்பு. மிகச் சில அட்டைகளைத்தான் துப்பியது. மற்றதெல்லாம் சுத்தம் என்று கைகுலுக்கிக்கொண்டோம். ஆறு அலுவலகங்களுக்கும் ஆறு நாடாக்கள் போயின. சுந்தரேசன் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் காசு கொடுத்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

அடுத்து வந்தது வறட்சி. மலைக்குத் துளையிடும் வண்டி வருகிறது, கைப்பம்புகள் போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எந்தெந்த ஊருக்கு என்பதை இந்தத் தடவை யாருடைய சிபாரிசும் இல்லாமல், பொதுத் தரவிலிருந்தே எடுக்கப்போகிறார்கள். தண்ணீர் ஆழமாக உள்ள ஊர் முதலில், கிட்டத்தில் உள்ள ஊர் கடைசியில். எங்கள் நாடாவுக்குக் கிடைத்த முதல் வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பங்குனியில் அளக்கப் போனபோது, பட்டியலைப் பார்க்காமலேயே பச்சியம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"மருமவளுக்குச் சொல்லு. வண்டி ஜமுனாமரத்தூர் வந்துடுச்சு."

"நெசமாவா? சாமி சத்தியமா?"

"கம்ப்யூட்டர் சத்தியமா."

"அது இன்னா சாமி?" என்றாள். ஆனாலும் அன்றைக்கு எனக்கு முழுச் சொம்பு தண்ணீர் கொடுத்தாள்.

அங்கிருந்து நேராகச் சந்தைக்குப் போனேன். துளையிடும் வண்டி புளியமரத்தடியில் யானை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதன் பொறியாளர் வண்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். பட்டியலை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். மேலிருந்து படித்தேன். ஊஞ்சமரத்தூர் இல்லை. கீழிருந்து படித்தேன். அப்போதும் இல்லை.

"இங்க பாருங்க" என்று பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே விலக்கப்பட்ட ஊர்கள். ஊஞ்சமரத்தூருக்கு எதிரே எழுதியிருந்தது: நீர்மட்டம் பூஜ்ஜியம் மீட்டர். அதாவது தண்ணீர் தரைக்குச் சமமாக நிரம்பி நிற்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்த மற்ற ஊர்களையும் பார்த்தேன். மலையில் நான் அளந்த காய்ந்த கிணறுகள் அத்தனையும் அங்கே பொங்கி வழிந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வெறுமையாக விட்ட கட்டத்தை அட்டையில் துளை போடாமல் விட்டிருக்கிறார்கள். துளையில்லாத இடத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்ஜியம் என்று படித்திருக்கிறது. அதற்கு அது வழக்கம். அளக்காததை எழுதாதே என்பது எங்கள் சட்டம். எழுதாததைப் பூஜ்ஜியமாக எடு என்பது அதன் சட்டம். 'வறண்டது' என்ற சொல்லுக்கு எங்கேயும் இடமில்லை. இரண்டு யோக்கியமான சட்டங்கள் கல்யாணம் செய்துகொண்டு ஒரு பொய்யைப் பெற்றுப் போட்டிருந்தன. எங்கள் சல்லடையும் அதைப் பிடிக்காது. பூஜ்ஜியம் பெரிய எண் இல்லையே.

எனக்குப் பசி வந்துவிட்டது. சந்தைக் கடையில் வடை, போண்டா, பிறகு மறுபடி வடை என்று தின்றேன். என்னைப் போலீஸ் கைது செய்வதையும், கண்ணமங்கலம் பஸ் நிலையத்தில் அப்பா தலைகுனிந்து நிற்பதையும், ஜெயிலில் வடை கிடைக்குமா என்பதையும் வரிசையாக யோசித்தேன். கடைக்காரர் இலையை எடுக்க வந்து, "சாரு வூட்ல யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். துக்கத்தில் தின்பவன் அப்படித்தான் தின்பானாம்.

பொறியாளரிடம் திரும்பி வந்தேன். "சார், அந்தப் பக்கம் முழுக்கத் தப்பு. அந்த ஊர்ல கிணறு காஞ்சி கெடக்குது. நான் இப்பதான் அங்கேருந்து வர்றேன்."

"நீங்க எந்த ஆபீஸ்?"

சொன்னேன்.

"உங்க ஆபீஸ்தானே தண்ணி இருக்குன்னு குடுத்திருக்கு?"

"நாங்க அப்படிக் குடுக்கலை. வெறுமையா விட்டோம்."

"ஆறு பேர் கையெழுத்து இருக்கு, தம்பி. நான் ஒருத்தர் பேச்சக் கேட்டு வண்டியத் திருப்பினா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து எங்க ஊரும் காஞ்சிடுச்சும்பாங்க. உங்க அதிகாரிகிட்ட ஒரே ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. வண்டி மலையிலதான் இருக்கும், கொஞ்ச நாள்."

மறுநாள் காலையில் வேலூரில் சுந்தரேசன் முன்னால் நின்றேன். முதல் தடவை சொன்னபோது கம்ப்யூட்டரைத் திட்டினேன், தலைமை எழுத்தரைத் திட்டினேன், காட்டுக்காரரின் சரக எண்ணைத் திட்டினேன். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். இரண்டாம் தடவை அட்டை, துளை, சட்டம் என்று சொன்னேன். "இன்னொரு தடவை."

"காஞ்ச கிணத்தையெல்லாம் நிறைஞ்ச கிணறுன்னு குடுத்துட்டோம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மின்விசிறிக் காற்றில் ஒரு காகிதம் பறந்து விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை, நானும் குனியவில்லை.

"திருத்தம் எழுதுங்க. இன்னிக்கே எல்லாருக்கும் போகணும்" என்றார்.

"எழுதறேன் சார். அதுக்கு முன்னாடி அந்தப் பொறியாளருக்கு ஒரு கடுதாசி குடுங்க. அவர் காத்திருக்கார். ஊஞ்சமரத்தூருக்கு மட்டும்."

"மத்த ஊருக்கு?"

"மத்ததும் சேத்துத்தான் சார்."

"மத்த அஞ்சு ஆபீஸ்லயும் அந்த ஊர்ல தண்ணி நிறைஞ்சு நிக்குது. என் கடுதாசியில மட்டும் காஞ்சி கெடக்கும். இனிமே ஒவ்வொருத்தரும் தனக்கு வேண்டிய ஆளுக்குத் தனிக் கடுதாசி குடுப்பாங்க. அப்புறம் எதுக்கு இந்த நாடா? நானே போட்ட சட்டத்தை நானே மொதல்ல ஒடச்சா எவன் மதிப்பான்?"

"அங்க ஒரு மாசமான பொண்ணு இருக்கு சார்."

"தெரியுது. அதனாலதான் இன்னிக்கே எழுதச் சொல்றேன். ஆறு கையெழுத்தையும் நீங்களே நேர்ல போய் வாங்கிட்டு வாங்க."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கையெழுத்துக்கு அலைந்தேன். மழைக்காரர் உடனே போட்டார். மண்காரரும் போட்டார். காட்டுக்காரர் முகாம் போயிருந்தார். அவர் காட்டுக்குள் எங்கே இருக்கிறார் என்பது காட்டுக்கே தெரியவில்லை. தேடிப் பிடித்து வாங்க எட்டு நாள் ஆயிற்று. பாறைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "எங்க பாறையில தப்பு இல்லையேப்பா, நான் எதுக்கு இதுல கையெழுத்துப் போடணும்?" என்றார். சுந்தரேசன் போட்ட சட்டத்தை விளக்கினேன். "அப்ப மொத்தமா கூட்டத்துல வெக்கச் சொல்லு" என்றார். ஓடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்.

"தம்பி, விலக்கின ஊர்ப் பட்டியல் என் மேசையிலேருந்து போனது. பத்திரிகையில வேற செய்தி வந்துடுச்சு. இப்ப இதுல போட்டா அதுல போட்டது தப்புன்னு நானே சொன்ன மாதிரி."

"ஆமாம் சார். தப்புதானே?"

"சின்ன வயசு உனக்கு" என்று சொல்லி டீ வரவழைத்தார். குடித்தேன். அதோடு ரெண்டு பிஸ்கோத்தும். எனக்கு வெட்கம் உண்டு, ஆனால் பயம் அதைவிடப் பெரியது.

கூட்டம் ஒருமுறை ஆள் சேராமல் தள்ளிப்போயிற்று. அடுத்த முறை பாறைக்காரருக்கு மாற்றல் உத்தரவு வந்து, புதிதாக வந்தவர் படித்துப் பார்க்க அவகாசம் கேட்டார். இதற்கிடையில் நான் இரண்டு தடவை மலைக்கு ஓடினேன். பொறியாளர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே கையை நீட்டுவார், கடுதாசி எங்கே என்று. இரண்டாம் தடவை வண்டி சந்தையில் இல்லை. செங்கம் பக்கத்துக் கிராமங்களுக்கு இறங்கிவிட்டது என்றார்கள்.

ஊஞ்சமரத்தூருக்குப் போகாமலே திரும்பிவிடலாம் என்று பேருந்து நிறுத்தம் வரை வந்தேன். பேருந்து வரத் தாமதமானது. வேறு வழியில்லாமல் அந்த ஊருக்கே நடந்துபோனேன். இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளையன் கொல்லையில் இருந்தார். பச்சியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையிலேயே நேராகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப அந்த மெஷினு எங்க கெணத்துல தண்ணி ரொம்பி நிக்குதுன்னு சொல்லுதா?"

"ஆமாம்."

"ரொம்பி நின்னா அதையே வந்து ரெண்டு கொடம் மொண்டு வெக்கச் சொல்லுங்க, சாரு. மருமவ குளிக்கணும்."

அவள் குரலில் கோபம் இல்லை. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள். வெள்ளையன் கிணற்றண்டை வந்து வழக்கம்போல டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக் கையை நீட்டினார். "நேரமாயிடுச்சு, அடுத்த மாசம் பாக்கலாம்" என்று சொல்லி நான் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆறு கையெழுத்தும் ஐப்பசியில் முடிந்தன. ஆறு பிரதிகளும் ஒரே நாளில் திருத்தப்பட்டன. காட்டுக்காரர் தம் சரக எண்ணில் இரண்டு கட்டங்களை விட்டுக்கொடுத்தார். காய்ந்த கிணற்றுக்கு என்று அட்டையில் தனி அடையாளம் வந்தது. பிற மாநிலங்களிலிருந்து அதிகாரிகள் வந்து எங்கள் முறையைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். சுந்தரேசன் அந்தப் பாராட்டுக் கூட்டத்துக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அதை இன்னொரு தடவை சொல்லும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

துளையிடும் வண்டி மறுபடி மலையேறியது இரண்டு வருசம் கழித்து. அது ஊஞ்சமரத்தூருக்குப் போகவில்லை, அங்கே பம்பு அடிக்க ஆளில்லை. வெள்ளையன், பச்சியம்மா, மகன், மருமகள், அவர்களோடு இன்னும் ஐந்து வீட்டார், நான் கையெழுத்துக்கு அலைந்த அந்தக் கோடையிலேயே வீட்டு நிலைக்கதவுகளைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கிவிட்டார்கள். குழந்தை போளூர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. வெள்ளையன் ஒரு கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு மடை திருப்பினார்.